கொஞ்சம் சீக்கிரமாக வந்த அஞ்சலி

சந்து முனையில் அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆள் உயர ஃப்ளெக்ஸ் பேனரில். தலையில் சிவப்புத் தலைப்பாகை, நெற்றியில் சந்தனம், வாய் கொள்ளாத சிரிப்பு. மேலே மராட்டியில் 'பாவபூர்ண ஷ்ரத்தாஞ்சலி'. அதற்குக் கீழே தமிழில் 'கண்ணீர் அஞ்சலி'. அண்ணாச்சியின் பெயர் சின்னதாக. அதைவிடப் பெரிதாக, கைகூப்பிய படத்தோடு, அந்த வார்டு நகர்சேவக்கின் பெயர். மாநகராட்சி கவுன்சிலரைத்தான் மும்பையில் நாங்கள் நகர்சேவக் என்கிறோம்.

ஆட்டோவிலிருந்து ஒரு காலை மட்டும் தரையில் வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் சாயங்காலம்தான் போனில் பேசினார். "நாளைக்கு சாஹேப் வாராருல்லா மேடம், ஷேவ் பண்ணி ரெடியா இருக்கேன்" என்றார். அதற்குள்ளா?

ஆட்டோக்காரர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சியான் சிக்னலிலிருந்து தாராவி டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே வந்த மனிதர், ஒரு வார்த்தை பேசாமல் சில்லறையைக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அப்போது இன்னொன்றும் உறைத்தது. அந்தப் போட்டோ... அது நான் அனுப்பிய போட்டோ!

இது நடந்து கொஞ்ச நாள் ஆகிறது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த மே மாதத்தில் நடந்தது. 'இவ்வளவு பெரிய விஷயத்தை இத்தனை நாள் எழுதாமல் எப்படி இருந்தாய்?' என்று கேட்பீர்கள். ஒரு கதவு திறப்பதற்காகக் காத்திருந்தேன். எந்தக் கதவு? வருகிறேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை ரொம்ப நாளாகப் படிப்பவர்களுக்குச் சுடலைமுத்து அண்ணாச்சியைத் தெரிந்திருக்கும். என் மகள் கல்யாணத்தன்று மாட்டுங்காவில் கொட்டிய மழையில், ஹால் வாசலில் போட்ட பந்தல் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் நின்றதே... அந்தப் பந்தல்காரர். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — தாராவியில் பந்தல், நாற்காலி, மேடை எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணம், காதுகுத்து, கணபதி, கட்சிக் கூட்டம், சாவு... அந்த ஏரியாவில் நாலு பேர் உட்கார வேண்டுமென்றால் நாற்காலி அவர் கடையிலிருந்துதான் போகும். பேனரில் இருந்த தலைப்பாகை, என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அவருக்குக் கட்டிவிட்டது.

போன வருஷம் அவருக்குக் கேன்சர். கண்டுபிடிக்கும்போதே முதுகெலும்புவரை போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்த்தார்கள். கடைசியில், "இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் என்றால்... யார் பார்ப்பது? எதை வைத்து? டிஸ்சார்ஜ் பேப்பரில் அந்தக் கேள்விக்கு இடம் கிடையாது.

நல்ல வேளையாக ஸ்டெல்லா சிஸ்டர் கிடைத்தார். தூத்துக்குடிக்காரர், கோபர்கைரனேயில் குடியிருப்பவர், செம்பூரில் ஒரு சின்ன அறக்கட்டளையில் நர்ஸ். இனி குணமாகாது என்று அனுப்பப்பட்டவர்களின் வீடு வீடாகப் போவதுதான் அவர் வேலை. புண்ணைக் கழுவுவார், வலிக்கு மருந்து கொடுப்பார், புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று வீட்டாருக்குச் சொல்லித் தருவார், பிறகு உட்கார்ந்து பேசுவார். இதற்கு இங்கிலீஷில் பாலியேட்டிவ் கேர் என்று பெயர். ஹாஸ்பிஸ் என்றும் சொல்கிறார்கள். அப்படியென்றால் என்ன என்று ஸ்டெல்லாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"வீட்ல ஒரு ஆளு வலியில முனங்கிக்கிட்டே கிடந்தா அந்த வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்க மேடம். நான் போயிட்டு வந்த பிறகு அந்த வீட்ல சோறு பொங்குவாங்க. அவ்வளவுதான் என் வேலை" என்றார்.

ஆனால் அண்ணாச்சி வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் வலிக்குக் கேட்கும் மருந்து மார்ஃபின். தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. அனுமதி வேண்டும், பூட்டிய அலமாரி வேண்டும், டாக்டர் கையெழுத்து வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் க்யூவில் நின்றுதான் வாங்க வேண்டும். ஒரே மகள் நவி மும்பை ஐரோலியில், கைக்குழந்தையோடு. ஆகவே அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள்தான் விடிந்ததும் கிளம்புவார். மருந்தோடு திரும்ப மதியமாகிவிடும். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

"வாசல்ல செருப்பைப் போடும்போதெல்லாம் ஒரே நெனப்புதான் மேடம்" என்று பேச்சியம்மாள் ஒருமுறை என்னிடம் சொன்னார். "நான் க்யூவுல நிக்கையில அவிய போயிட்டா? முப்பது வருசம் கூட இருந்துட்டு, அந்த நேரத்துக்கு மட்டும் நான் இல்லாமப் போயிட்டா?"

தோளைத் தொட்டுவிட்டு வந்தேன்.

இது போதாதென்று அடுத்த இடி. மழை தொடங்கிவிட்டால் செம்பூரிலிருந்து தாராவிக்கு வேன் வர முடியாது, பாதி நாள் சியான் டிராஃபிக்கிலேயே போய்விடுகிறது, தாராவி விசிட்டையே நிறுத்த வேண்டியிருக்கும் என்று அறக்கட்டளை சொல்லிவிட்டது. தாராவிக்குள்ளேயே ஒரு அறை கிடைத்தால் கதை வேறு. மருந்தும் அங்கேயே, நர்ஸும் அங்கேயே, வாரத்தில் சில நாள் டாக்டரும் அங்கேயே.

அறை இல்லாமலா இருக்கிறது? அண்ணாச்சி வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாநகராட்சி மருந்தகம் ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் பூட்டிக் கிடக்கும் ஒரு அறை. உடைந்த பெஞ்சுகளும், ஓடாத கொசுப்புகை மெஷினும் அங்கே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. மெஷினுக்குக் கிடைக்கிற ஓய்வு மனிதனுக்குக் கிடைக்கக் கூடாதா? யாரைக் கேட்பது? நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர்களைத்தான்.

முதலில் எம்.எல்.ஏ. ஆபீஸ். பேங்கில் வேலை பார்த்தவள் அல்லவா, லெட்டர் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நல்ல இங்கிலீஷில், மேற்கோளெல்லாம் வைத்து, படித்தால் கல்லும் கரையும்படி எழுதிக்கொண்டு போனேன். வாங்கி, சீல் போட்டு, காப்பியைக் கையில் கொடுத்தார்கள். சீல் ரொம்ப அழகாக விழுந்திருந்தது. அத்தோடு சரி.

அண்ணாச்சிதான் வழி சொன்னார். "லெட்டரை எவன் படிக்கான் மேடம்? நகர்சேவக்கை ஒரு நட வீட்டுக்கு வரச் சொல்லுங்க. கண்ணால பாத்தாத்தான் அவியளுக்கு மனசுல நிக்கும்."

பல வருஷம் நகர்சேவக்கே இல்லாமல் இருந்த ஊர் இது. இப்போதுதான் தேர்தல் நடந்து புதிதாக வந்திருக்கிறார்கள். புதுத் துடைப்பம் நன்றாகத்தானே பெருக்கும் என்ற நம்பிக்கையில் போனேன். காலையில் ஆபீஸ் வாசலில் ஒரு கூட்டம். குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, பையனுக்கு ஸ்கூல் சீட்... என் முறை வந்தது. எதிரே நகர்சேவக்கின் பி.ஏ. நிலேஷ். இரண்டு கையிலும் போன், முகத்தில் நல்ல மரியாதை.

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் உருக்கமாகச் சொன்னேன். சுடலைமுத்து அண்ணாச்சி... கடைசிக் காலம்... வீட்டில்தான் இருக்கிறார்... சாஹேப் ஒருமுறை நேரில் வர வேண்டும்...

நிலேஷின் முகம் இளகிவிட்டது. இரண்டு போனையும் கீழே வைத்தார். "கட்டாயம் வருவார் மேடம். இந்த விஷயத்தில் சாஹேப் ஒரு வீட்டைக்கூட விட்டது கிடையாது" என்றார். எனக்குப் புல்லரித்தது. எப்பேர்ப்பட்ட மனிதர்! அட்ரஸ் கேட்டார், கொடுத்தேன். மறுநாளே வருவார் என்றார். "அண்ணாச்சியின் நல்ல போட்டோ ஒன்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள்" என்றார். ஃபைலுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, கல்யாண ஆல்பத்தைத் துழாவி, இருப்பதிலேயே நல்லதாக, தலைப்பாகையோடு சிரிக்கும் படத்தை அனுப்பினேன். பதிலுக்குக் கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

யோசித்துப் பார்த்தால் நிலேஷ் மேல் தப்பே இல்லை. கல்யாணமா, ஹாலுக்கு வரச் சொல்வார்கள். கடை திறப்பா, கடைக்கு. ஆனால் தாராவிச் சந்துக்குள், ஒருவர் வீட்டுக்கே, சாஹேப் நேரில் வர வேண்டும் என்று ஒரு பெண்மணி கண்கலங்கக் கேட்டால், அந்த ஆபீஸில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்கப்புறம் நடக்க வேண்டிய வேலைகளெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேனர் அடிக்கச் சொன்னார். மலர் வளையத்துக்குச் சொன்னார். நாற்காலிக்கும் சொன்னார் — வழக்கமான கடைக்கே. அதாவது, அண்ணாச்சியின் கடைக்கே.

மறுபடியும் சந்து முனைக்கு வருவோம். உள்ளே நடந்தேன். பின்னாலேயே ஒரு டெம்போ வந்து நின்றது. அண்ணாச்சி கடையில் வருஷக்கணக்காக வேலை செய்யும் முருகன், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. வாசலுக்கு வாசல், அப்போதுதான் பேனரைப் பார்த்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணாச்சி வீட்டுக் கதவு திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

கட்டிலில், தலையணையில் சாய்ந்து, மழமழவென்று ஷேவ் செய்த முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு, கையில் டீ கிளாஸோடு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். காலையிலேயே வந்துவிட்ட ஸ்டெல்லா அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். என்ன மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? ஆட்டோக்காரன் சண்ட போட்டானா?"

நான் பதில் சொல்வதற்குள் முருகன், தோளில் நாற்காலிகளோடு வாசலில் வந்து நின்றார். கட்டிலைப் பார்த்தார். நாற்காலிகள் சடசடவென்று கீழே விழுந்தன.

"அண்ணாச்சி!"

"எலே, அந்த வெள்ளச் சேர எதுக்குலே எடுத்துட்டு வந்த? அது கல்யாணச் சேருல்லா!"

"உங்களுக்குன்னு சொன்னாவ அண்ணாச்சி... அதான்... இருக்கதுலயே நல்ல சேரா..." என்று முருகன் தேம்பினார்.

விஷயம் விளங்க அண்ணாச்சிக்குக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் முதுகு வலிக்கும். விலாவைப் பிடித்துக்கொண்டு, "யய்யா... யய்யா..." என்று முனகிக்கொண்டே சிரித்தார்.

"பேனரும் போட்டாச்சா? எந்த போட்டோ?"

"தலைப்பாகை கட்டினது... நான்தான் அனுப்பினேன் அண்ணாச்சி" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

"நல்லதாப் போச்சு. ஆதார் கார்டு போட்டோவக் கொடுக்காம விட்டியளே!"

பேனரைக் கழற்றச் சொல்லி ஆளனுப்பலாமா என்று ஸ்டெல்லா கேட்டு வாயை மூடவில்லை. வெளியே சலசலப்பு. சாஹேப் வந்தாயிற்று.

வெள்ளைக் குர்தா, குனிந்த தலை, கூப்பிய கை. பின்னால் மலர் வளையத்தோடு நிலேஷ். இந்த நகர்சேவக் மராட்டிக்காரர். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவித் தமிழர்களுக்கு நடுவில். கண்ணை மூடிக்கொண்டு அவர் பேச்சைக் கேட்டால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக நினைப்பீர்கள். உள்ளே நுழைந்தவர் மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"அண்ணாச்சி... இருக்கியளா?"

"இருக்கேன் சாஹேப். கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டிய. பரவால்ல, உக்காருங்க. சேரு நம்ம சேருதான்."

நிலேஷ் மலர் வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது அவரைவிட அகலம். அந்தச் சின்ன அறையில் சம்பங்கி வாசனை ஆளைத் தூக்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அண்ணாச்சிதான் பேசினார். கோபமாக அல்ல, கடையில் கணக்குப் பேசுகிற மாதிரி நிதானமாக.

"சாஹேப், நானும் இந்த ஏரியாவுல எத்தனையோ வீட்டுக்குச் சேர் போட்டிருக்கேன். சாவுன்னு போன் வந்தா, ஆஸ்பத்திரியில இருந்து பாடி வாரதுக்கு முன்னாடி என் சேரு போயிரும். உங்க ஆளுவ பேனரு கட்டிருவாவ. ஐஸ் பெட்டி வந்துரும், வண்டி வந்துரும், டீ வந்துரும். செத்த பொறவு தாராவியில ஒருத்தனுக்கும் ஒரு கொறையும் கெடையாது. அதுக்கு முன்னால ஒரு மாசம், ரெண்டு மாசம் இருக்குல்லா? அதுக்குத்தான் சாஹேப் ஒண்ணும் இல்ல."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த நகர்சேவக் தலையை ஆட்டினார். பிறகு, "பாக்கலாம் அண்ணாச்சி" என்றார்.

உங்களுக்கே தெரியும். 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று. என் லெட்டரில் விழுந்த சீலுக்கு என்ன அர்த்தமோ அதேதான். என் மனசு தொங்கிப்போயிற்று.

அப்போதுதான் வெளியே அந்தக் குரல் கேட்டது.

பேச்சியம்மாள்! எங்கள் ஒருவருக்கும் அவர் ஞாபகமே வரவில்லை. மருந்து வாங்க விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர், சீக்கிரம் வேலை முடிந்து திரும்பிவிட்டார். சந்து முனையில் புருஷன் படம். கீழே கண்ணீர் அஞ்சலி. வாசலில் நாற்காலிகள்.

"நான் சொன்னேம்லா... நான் சொன்னேம்லா... போயிட்டு வாரதுக்குள்ள..."

கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு காலில் செருப்பு இல்லை. மருந்துப் பையை மட்டும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். யாரையும் பார்க்கவில்லை, நகர்சேவக்கை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றார்.

அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏளா... இருக்கேன், இருக்கேன். இங்க பாரு. இருக்கேன்."

பேச்சியம்மாள் கிட்டே போய் அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பவுடர் விரலில் ஒட்டியது. அந்தக் கையாலேயே கட்டில் சட்டத்தைப் படார் படாரென்று அடித்தார். பிறகு கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"க்யூவுல நிக்கும்போதே நெஞ்சு அடிச்சிக்கிட்டே கெடந்துச்சி... ஒத்தையில போயிட்டியளேன்னு... ஒரு வாய்த் தண்ணி கொடுக்க நான் இல்லாமப் போயிட்டேனேன்னு..."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. இதையெல்லாம் தினமும் பார்க்கும் ஸ்டெல்லாவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நகர்சேவக் நாற்காலியிலிருந்து எழுந்தார். போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில், தரையில், அந்த வெள்ளைக் குர்தாவோடு உட்கார்ந்தார்.

"மதினி, எங்க போயிருந்திய?"

"மருந்துக்கு."

"இந்த மருந்து இங்க கெடைக்காதா?"

பேச்சியம்மாள் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கிடைக்கும் சார். ஒரு ரூம் இருந்தா."

"எந்த ரூம்?"

அவ்வளவுதான். நான் பக்கம் பக்கமாக எழுதியது அந்த இரண்டு வரியில் முடிந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து போனை எடுத்து யாரையோ பிடித்து, மருந்தகத்துப் பின்னறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மராட்டியில் கேட்டார். வைத்துவிட்டு ஸ்டெல்லாவிடம், "நம்ம வார்டுல இது மாதிரி இன்னும் வீடு இருக்கா சிஸ்டர்?" என்றார். ஸ்டெல்லா ஒவ்வொரு சந்தாகச் சொல்லிக்கொண்டே போனார். நகர்சேவக் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரையும் எனக்குத் தெரியலையே" என்றார் கடைசியில். "செத்த பொறவுதான எங்களுக்குச் சொல்லுதாவ."

யோசித்துப் பார்த்தேன். நாம் அவர்களிடம் தண்ணீர் கேட்கிறோம், ரோடு கேட்கிறோம், தெருவிளக்கு கேட்கிறோம். 'எங்கள் வீட்டில் ஒருவர் போகப் போகிறார், வலியில்லாமல் போக ஏதாவது செய்யுங்கள்' என்று யாராவது கேட்டிருக்கிறோமா? அதைப் போய் எப்படி வாய்விட்டுக் கேட்பது என்று கூச்சம். அபசகுனம் என்று பயம். கேட்காத ஒன்றை அவர்களாகச் செய்யவில்லை என்று திட்டுவதில் மட்டும் நமக்குக் குறைச்சல் இல்லை.

ஒரு போன் காலில் கதவு திறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், இது சினிமா அல்ல. சுகாதார அதிகாரி வந்து பார்த்தார். அறக்கட்டளையின் டாக்டர் கையெழுத்துப் போட்டார். மருந்து அனுமதிக்கு அலைந்தார்கள், அலமாரிக்குப் பூட்டு மாட்டினார்கள். ஒவ்வொரு மேஜையிலும் காகிதம் தூங்கியது. தூங்கிய இடத்தில் எல்லாம் நிலேஷ் போய் நின்று எழுப்பினார். அந்த மலர் வளையத்துக்குப் பரிகாரமாகவோ என்னவோ, அவர் விடவே இல்லை. கொசுப்புகை மெஷினைக் கடைசியில் அவரும் முருகனும்தான் தூக்கி வெளியே வைத்தார்கள்.

போன வாரம், முதல் மழை விழுந்த மறுநாள், அந்த அறை திறந்தது. பேனர் இல்லாமலா? நகர்சேவக்கின் படம் வழக்கம்போலப் பெரிதாகவே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், இந்த முறை அவர் அதற்குத் தகுதியானவர். நாற்காலிகள் அண்ணாச்சி கடையிலிருந்து, அதே வெள்ளைக் கல்யாணச் சேர்கள். அண்ணாச்சியும் வந்தார். அந்த நாற்காலி ஒன்றில் மெத்தை போட்டு உட்கார வைத்து, முருகனும் இன்னும் மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலையில் அதே தலைப்பாகை.

"பாத்துக்கிடுங்கலே, நாலு பேரு தூக்குறதுக்கு இதான் ரிகர்சல்" என்றார். தூக்கியவர்கள் சிரித்ததில் நாற்காலி ஆட, பேச்சியம்மாள் நாலு பேரையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தார்.

அண்ணாச்சிக்குக் குணமாகிவிடவில்லை. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சாப்பாடு குறைந்துகொண்டே வருகிறது, பேச்சும் கொஞ்சம் களைத்துவிட்டது. ஆனால் வலியில்லாமல் தூங்குகிறார். பேச்சியம்மாள் மருந்துக்குச் செருப்புக்கூடப் போடாமல் போய்விட்டு, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் திரும்பிவிடுகிறார். அந்த வீட்டில் சோறு பொங்குகிறார்கள். நான் போனால் சாப்பிடாமல் விடுவதில்லை.

நகர்சேவக் இப்போது ஸ்டெல்லாவோடு வாரம் ஒரு வீட்டுக்குப் போகிறார். வெறுங்கையோடு போய், தரையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். நிலேஷ்தான் எனக்குப் போன் செய்து, அடுத்து எந்த வீடு என்று கேட்கிறார். ஒவ்வொரு முறையும் மறக்காமல், "போட்டோ வேண்டாம் மேடம்" என்றும் சொல்கிறார்.

ஆகவே, உங்கள் ஊர் கவுன்சிலரையோ எம்.எல்.ஏ.வையோ ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். லெட்டரும் எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நோயாளி இருக்கும் வீட்டுக்குள் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். 'ஆள் இன்னும் இருக்கிறார், உயிரோடு இருக்கிறார்' என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

நேற்று நல்ல மழை. அண்ணாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். தாராவியில் எந்த ஃப்ளெக்ஸும் வீணாகப் போகாது என்பது தெரிந்ததுதான், மழைக்காலத்தில் கூரைத் தகரத்துக்கு மேலே விரித்துக் கல்லை வைத்துவிடுவார்கள். அண்ணாச்சி வீட்டுக் கூரையில் அண்ணாச்சியே படுத்திருந்தார். தலைப்பாகையோடு, வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு.

எனக்கு என்னமோ போல் இருந்தது. "படத்தைக் கீழ்ப்பக்கமாத் திருப்பிப் போட்டிருக்கலாமே பேச்சியம்மா" என்றேன்.

"கெடக்கட்டும் மேடம்" என்றார், அண்ணாச்சியின் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டே. "மேல இருந்து பாக்குற எமன், 'இந்த வீட்டு ஆளு ஏற்கெனவே வந்தாச்சு போல'ன்னு நெனச்சிக்கிட்டு அடுத்த சந்துக்குப் போயிருவாம்லா!"